எண்ணிப் பார்த்தேன், 18

அன்புள்ள சுந்தரம்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டிக்கொள். கமலாவுக்கு முட்டி வலி தேவலையா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் செடி விவகாரத்தில் நீ சொன்னதுதான் சரி.

எந்தச் செடி என்று கேட்டால் உதைப்பேன். அழுத்திக் காயவைத்து, 'நிலத்துத்தி' என்று பெயர் எழுதி ஒட்டி, நம் சாரிடம் நான் 'நன்று' வாங்கினேனே, அதுதான். "காயை எண்ணுடா" என்று நீ கத்தினாய். நெஞ்சு வடிவ இலை, தொட்டால் வெல்வெட், மஞ்சளாக எட்டிப்பார்க்கும் மொட்டு. இதற்கு மேல் என்ன எண்ணுவது என்று எனக்குத் திமிர்.

இப்போது டாக்டர் புண்ணியத்தில் தினமும் சாயங்கால நடை. பாதையோரத் தரிசில், கல்லும் குப்பையுமாகக் கிடக்கிற இடத்தில், அதே செடி இடுப்புயரம் நிற்கிறது. அடித்தண்டு கட்டை, மேலே இளம்பச்சை. வெயில் தாழ்ந்த பிறகுதான் பூ விரிகிறது! காலையிலேயே பறிக்கப் போய், மொட்டை ஒட்டிக்கொண்டு திரும்பிய மேதைகள் நாம். பூக்காம்பில், உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு கணு. காய் சக்கரம் மாதிரி. பிரித்து எண்ணினேன்: 18 சில்லு. சில்லுக்கு இரண்டு மூன்று விதை. நிலத்துத்தியில் சில்லு பெரும்பாலும் பத்தைத் தாண்டாது, ஒவ்வொன்றிலும் ஒற்றை விதைதான். ஆக, இது அசல் துத்தி. அறிவியல் பெயர் அபுடிலான் இண்டிகம்.

ரொம்பச் சிரிக்காதே. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸே 1756-இல் இதைச் சிடா இண்டிகா என்று நிலத்துத்தியின் பேரினத்தில்தான் வைத்தார். 1826-இல்தான் தாவரவியலாளர் ராபர்ட் ஸ்வீட் அபுடிலான் பேரினத்துக்கு மாற்றினார். அவர் தப்பு திருந்த 70 வருஷம், என் தப்பு திருந்த 36. யார் கெட்டிக்காரன்?

ஒன்று சொல்ல வேண்டும். 'துத்தி' என்று எழுதியிருந்த உன் தாளில் சார் சிவப்பு மையால் அடித்தபோது பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை. சோம்பலில் எண்ணாமல் விட்டேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். எண்ணினால் நீ ஜெயித்துவிடுவாயோ என்ற பயம், சுந்தரம்.

18 சில்லையும் காகிதத்தில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன். நீ எப்படியும் எண்ணுவாய், தெரியும்.

உன்,
ராமு