சேகருக்கு, கீபோர்டு விஷயமாக

நாகர்கோவில்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் உன்னைத்தான் விசாரித்தார்கள்.

கறுப்பன், அதுதான் என் பழைய கீபோர்டு, படுத்துவிட்டான் மக்கா. இந்த முறை எழுந்திருக்க மாட்டான். வள்ளியூர்ப் பக்கம் ஒரு கோயில் கொடையில் புல்லாங்குழல் பிட் போய்க்கொண்டிருக்கும்போது நடு ஸ்தாயியில் இரண்டு கீ தொட்டதும் அலறின. துரை அண்ணன் தபேலாவில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். கீக்கு அடியில் ரப்பர் குமிழுக்குள் இரண்டு கார்பன் புள்ளி இருக்கிறதல்லவா? ஒன்று தொட்டு அடுத்தது தொடுவதற்குள் ஆகும் நேரத்தை வைத்துத்தான் விரலின் வேகத்தை அது அளக்கிறது. முதல் புள்ளியில் அழுக்கு ஏறிவிட்டால் அளக்க வழியில்லாமல் முழுச் சத்தத்தில் கத்தும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து இவ்வளவு நாள் ஓட்டினேன். இப்போது ரப்பரே கிழிந்துவிட்டது. ஸ்பேர் எங்கும் இல்லை.

ஆடிக்கு முன்னால் ஒன்று வாங்கியாக வேண்டும். ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். ஜெபாவுக்கு வெள்ளையாக, ஒல்லியாக இருக்க வேண்டும், வீடியோவில் எடுப்பாகத் தெரியும் என்கிறான். வீட்டில் மேரிக்கு என் தோள்பட்டைதான் கவலை. நீயோ மைக்ரோகார்க் என்ற குட்டிக் கீபோர்டின் படத்தை அனுப்பி வைக்கிறாய்! அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் மரம், பேட்டரியில் ஓடும், கையில் இடுக்கிக்கொண்டு போகலாம். ஆனால் இருப்பது 37 சின்னக் கீ. சாதாரணக் கீயில் ஒரு ஸ்தாயி சுமார் 16.5 சென்டிமீட்டர். எஸ்தர் டீச்சர் ஸ்கேலால் தட்டித் தட்டி அந்த அளவுக்கு விரித்துவிட்ட கையை அதில் எங்கே வைப்பேன்? நீ மேடையேறிய காலத்திலேயே சட்டைக்குப் பொருத்தமாகக் கீபோர்டு தேடிய ஆள், உன்னிடம் கேட்டேன் பார்.

மேடைக்கு அழகு வேண்டியதுதான். ஆனால் அது எனக்கு வேறு மாதிரி வேண்டும். சிவப்பு லைட்டும் பச்சை லைட்டும் மாறி மாறி அடிக்கும்போது டோன் பெயர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பட்டன் விரலுக்குத் தானாக அகப்பட வேண்டும். கறுப்புப் பலகையில் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து போட்டிருந்தால் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், இரவு பன்னிரண்டு மணிக்கு உதவாது.

திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். மேல் தட்டில் பிளாஸ்டிக் உறையோடு வைத்துக்கொண்டு, வாங்குவதாக இருந்தால்தான் பிரிப்போம் என்கிறார்கள். வாசித்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது? எரிச்சலோடு வெளியே வந்தேன். அடுத்த கடையில் தாராளமாக விட்டார்கள். ரோலண்ட் ஜூனோ டிஎஸ் 61 வெறும் 5.3 கிலோ, அதுவும் பேட்டரியில் ஓடும். யமஹா மோட்எக்ஸ் 6 கொஞ்சம் கூட, 6.6 கிலோ. இரண்டையுமே தோளில் மாட்டிக்கொண்டு வடசேரியில் பஸ் ஏறிவிடலாம். ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன்.

அப்புறம் மார்த்தாண்டத்தில் ஒரு சர்ச்சில் யமஹாவின் மான்டேஜ் 6 வாசிக்கக் கிடைத்தது.

சேகர், மதுரையில் அந்த யமஹா டிஎக்ஸ் 7 கீபோர்டைத் தொட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் பேச்சில்லாமல் நின்றது ஞாபகம் இருக்கிறதா? 1983-இல் வந்த கீ அது. அந்தக் கனம், அந்த ஒட்டுதல் திரும்பவும் விரலுக்குக் கிடைத்தது. மெதுவாகத் தொட்டால் மெதுவாகவே பேசுகிறது. ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாட்டு வந்தால் விரல் கறுப்புக் கீகளுக்கு நடுவே உள்ளே போயாக வேண்டுமே, அங்கே போய் அழுத்தினாலும் இறுகவில்லை. குட்டைக் கீ என்றால் அந்த இடத்தில் கல்லாக இருக்கும். குழல் டோனில் ஆஃப்டர்டச்சை அசைவுக்கு வைத்தேன். அழுத்திய விரலை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஸ்வரம் அசையத் தொடங்குகிறது. இடது கை, ஸ்வரத்தை அசைக்கவும் வளைக்கவும் இருக்கும் வீலில் மாட்டிக்கொண்டு கிடக்க வேண்டாம், ஸ்டிரிங்ஸ் பிடிக்கலாம். வேண்டிய இடத்தில் மட்டும் வீலுக்குப் போய் ஒரு ஜாரு கொடுத்துவிட்டுத் திரும்பலாம். மோட்எக்ஸ் 6 கீயில் இந்த ஆஃப்டர்டச் கிடையாது.

"ரெண்டுக்கும் உள்ளே ஒரே சரக்குதானே அண்ணே, கேக்கிறவனுக்கு என்ன தெரியப்போகுது?" என்கிறான் ஜெபா. சரிதான், 2016-இல் வந்த மான்டேஜின் ஏடபிள்யூஎம் 2, எஃப்எம் எக்ஸ் என்ற ஒலி உண்டாக்கும் முறைகள் இரண்டையும்தான் 2018-இல் மோட்எக்ஸுக்கும் கொடுத்தார்கள். டோன் ஒன்றாக இருக்கலாம், நான் வாசிப்பது ஒன்றாக இருக்காது. கீயை நம்ப முடிந்தால்தான் சின்னதாக வாசிக்கத் துணிவு வருகிறது. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே பலத்தில் அடித்துவிட்டுப் போகிறோம். இத்தனை வருஷம் கறுப்பனோடு இருந்து நான் கண்டது இதுதான்.

தொல்லை என்னவென்றால் மான்டேஜ் 15 கிலோ. பெட்டியோடு சேர்த்தால் இன்னும் ஏறும். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டார், கொடை மேடையில் பலகைப் படி வேறு. மேரி சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் நமக்கும் வயதாகிறது மக்கா. அநேகமாக நான் வாங்கும் கடைசிக் கீபோர்டு இதுதான். மீதி இருக்கும் கச்சேரிகளைக் கைக்குப் பிடிக்காத ஒன்றில் வாசித்து முடிக்க எனக்கு மனமில்லை. தூக்க ஆள் வைத்துக்கொள்ளலாம், வேன் வாடகையை ட்ரூப்போடு பேசிக்கொள்ளலாம். நான் துணிந்துவிட்டேன்.

புதியது என் சக்திக்கு மீறியது. போரூரில் ஒருவர் செகண்ட் ஹேண்டில் ஒரு மான்டேஜ் 6 கொடுக்கிறார், விலாசம் போனில் அனுப்பியிருக்கிறேன். எனக்காக நீ போய்ப் பார்க்க வேண்டும். ஹெட்போன் கொண்டு போ. பியானோ டோன் வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு கீயையும் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தொடு. ஒன்றாவது துள்ளிக் கத்தினால் எனக்குச் சொல். குனிந்து பக்கவாட்டில் பார், கீகள் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று. பிட்ச் வீலைத் தள்ளி விட்டால் சுருதி பழைய இடத்துக்கே வர வேண்டும். ஆஃப்டர்டச் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்கிறதா, அதையும் பார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விடு, வேறு யாரோ கேட்டிருக்கிறார்களாம். விலை மட்டும் நீ பேசாதே. நீ சிரித்துக்கொண்டே அவர் சொன்ன தொகைக்கே தலையாட்டிவிடுவாய். நான் பேசிக்கொள்கிறேன்.

சுமதிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராஜன்