கரண்ட் போனால்தான் குடும்ப ஜெபமா?

அன்புள்ள பெற்றோருக்கு,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். பயப்பட வேண்டாம், இது பீஸ் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை. நம் பள்ளியில் படிக்கிற கிறிஸ்தவப் பிள்ளைகளின் வீட்டாருக்கு மட்டும் எழுதுகிறேன்.

போன வாரம் எட்டாம் வகுப்பு வேதபாட டீச்சர் லீவு என்பதால் அந்த பீரியடுக்கு நான் போனேன். உங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் எப்போது நடக்கும், ஒரு வரியில் எழுதுங்கள் என்றேன். பாதிப் பேர் 'தினமும் இரவு 8 மணி' என்று எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள், யாரைப் பார்த்து யார் எழுதியது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒரு பையன் மட்டும் உண்மையை எழுதியிருந்தான். 'கரண்டு போனா பண்ணுவோம் சார்.' சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரி, பாதியில் கரண்ட் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் எந்திரிச்சிருவோம் சார், ஆச்சி மட்டும் கண்ணைத் தொறக்க மாட்டா" என்றான்.

அந்த ஆச்சியை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வகுப்பில் நான் ஆறு வருடம் வேதபாடம் எடுத்தாலும், கரண்ட் வந்த பிறகும் கண்ணைத் திறக்காத அந்தக் கிழவி அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதில் கால்வாசியைக்கூட என்னால் கொடுக்க முடியாது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய விசுவாசம் முதலில் யாரிடம் இருந்தது என்கிறார்? பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் என்கிறார். வாத்தியாரைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாதம் ஒருவராவது என் அறைக்கு வந்து, "சார், இவன் கோவிலுக்கு வர மாட்டேங்கான், நீங்க நாலு போடு போட்டுச் சொல்லுங்க" என்கிறார்கள். நான் போட மாட்டேன். இந்தக் காலத்தில் போடவும் கூடாது. அதைவிட, அடிக்குப் பயந்து வருகிற பிள்ளை உங்கள் கைக்கு எட்டாத தூரம் போனதும் கோவிலையும் விட்டுவிடும். சென்னைக்கும் பெங்களூருக்கும் போன நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே கோவில் வாசலை மிதிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்ததும் பிள்ளையை ஓய்வுநாள் பள்ளிக்கு விரட்டிவிட்டு, ரெண்டாம் மணியும் அடித்த பிறகு டீக்கடையில் நிற்கிற அப்பாமாரை நான் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். பிள்ளையும் பார்த்துக்கொண்டுதான் போகிறான்.

எங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வாரத்துக்கு ரெண்டு பீரியடு, ஒவ்வொன்றும் 40 நிமிடம், மொத்தம் 80 நிமிடம். வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. பரீட்சை சமயத்தில் அந்த 80 நிமிடத்தையும் கணக்கு சார் கடன் கேட்டு வாங்கிவிடுவார், நானும் கொடுத்துவிடுவேன். அப்புறம் இன்னொன்று. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, இந்தப் பிள்ளையைக் கர்த்தருக்குள் வளர்ப்போம் என்று போதகர் ஐயரிடம் வாக்குக் கொடுத்தது நீங்களும் ஞானப் பெற்றோரும்தான். எந்த ஊரிலும் ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

நான் யோக்கியன் என்று இதை எழுதவில்லை. என் மகன் இதே பள்ளியில்தான் படித்தான். காலை அசெம்பிளியில் ஜெபம் பண்ணுவேன், ஊரார் பிள்ளைக்கெல்லாம் சங்கீதம் மனப்பாடம் பண்ணிக்கொடுப்பேன், வீட்டுக்குப் போனால் களைப்பு, விடைத்தாள், நியூஸ். அவன் காலேஜ் சேர்ந்த வருடம் ஒரு ராத்திரி பஸ் ஸ்டாண்டில் வைத்து, கோபமே இல்லாமல், "அப்பா, நீங்க மைக்கில ஜெபம் பண்ணித்தான் நான் பாத்திருக்கேன்" என்றான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். நான் எதுவும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில், பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதி என்ற கட்டளையோடு இடமும் நேரமும் சொல்லியிருக்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. இதற்குத் தனியாகப் பீரியடு தேவையில்லை. பைக்கில் பள்ளிக்குக் கொண்டுவிடுகிற பத்து நிமிடம் போதும். நம் ஊரில் ஒரு அம்மாவைத் தெரியும். மடியில் பீடித்தட்டு, கை பாட்டுக்கு இலையில் தூளை வைத்துச் சுருட்டும், வாய் கீர்த்தனை பாடும், பக்கத்தில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுகிற மகள் இரண்டாவது அடியைத் தானாகவே எடுத்துப் பாடுவாள். அந்தப் பிள்ளைக்கு வேதபாடத்தில் மார்க் சுமார்தான். எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் வீட்டிலேயே விசுவாசம் வளர்வது புதுசும் இல்லை. ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வருவதற்கு முன்பே இங்கே சபை இருந்தது. குளோரிந்தா அம்மாள் என்ற விதவைப் பெண் 1778-இல் ஞானஸ்நானம் பெற்று, கோட்டைக்குள் கோவிலும் கட்டிவிட்டார். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் போதகர், ஆனால் மகன் ஆளாவதற்கு முன்பே இறந்துவிட்டார். வளர்த்தது அம்மா. அந்தப் பையன்தான் 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். உங்கள் பிள்ளை பேராயராக வேண்டும் என்று நான் கேட்கவில்லை (வேண்டாம், டயோசிசன் (திருமண்டல) எலெக்ஷன் கூத்தெல்லாம் உங்களுக்கே தெரியும்).

திடப்படுத்தல் வருகிறது, ஞானஸ்நானத்தில் பெற்றோர் கொடுத்த வாக்கைப் பிள்ளைகள் தாங்களே ஏற்றுக்கொள்ளும் ஆராதனை. கோட்டு சூட்டு போட்டுக் கைகூப்பி நிற்கிற பையனுக்கு தெருமுனையில் பிளெக்ஸ் வைப்பது உங்கள் இஷ்டம். ஆயத்த வகுப்புக்கு அனுப்பிவிட்டு அதற்கு மேல் பிளெக்ஸ் வையுங்கள்.

வருத்தத்தோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. திருநீறு பூசி வந்த வகுப்புத் தோழனை நம் பிள்ளை ஒருவன் கேலி செய்தான். கூப்பிட்டு விசாரித்தேன், வீட்டில் கேட்டதைச் சொல்லியிருக்கிறான். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனைக்கு உட்கார வைக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது, அதனால்தான் மற்றப் பிள்ளைகள் அந்த நேரத்தில் நீதிபோதனை வகுப்பில் இருக்கிறார்கள். நம்மை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்தவன் நெற்றியைப் பார்த்துச் சிரிப்பது விசுவாசம் என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக்கொடுத்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு எட்டாம் வகுப்பு அறையில் கூடுவோம், பிள்ளைகள் வேண்டாம், நாம் மட்டும். பீடிக்கடைக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் கொஞ்சம் பிந்தினாலும் பரவாயில்லை. வளைகுடாவில் இருக்கிற அப்பாமார் வாட்சப்பில் வரலாம். வரும்போது வீட்டு வேதாகமத்தை எடுத்து வாருங்கள், போனில் இருப்பது இல்லை, தாத்தாவோ ஆச்சியோ முதல் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் பிறந்த தேதியெல்லாம் எழுதி வைத்திருக்கிற அந்தப் பழையது. தூசி இருந்தால் துடைக்க வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள். டீயும் வடையும் என் செலவு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்