வாராக்கடன்

அன்பு மகளுக்கு,

அன்றிரவு பேசியபோது நீ கடைசியாகச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "முதலில் நான் சரியாகிக்கொள்கிறேன் அப்பா. அதற்குப் பிறகு ஜெபம், ஆராதனை எல்லாவற்றுக்கும் வருகிறேன்." அதற்கு முன் அழுதுகொண்டே நீ சொன்ன விஷயத்தை இங்கே எழுதப்போவதில்லை. காகிதம் யார் கைக்கு வேண்டுமானாலும் போகும். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கர்த்தருக்குத் தெரியும். ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

கதவுக்குப் பின்னால் தொங்கிய நாட்காட்டி நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது எட்டு வயது. சொன்னபடி நடந்த நாளுக்குப் பச்சையில் ஒரு சரிக்குறி, நடக்காத நாளுக்குச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. மாதக் கடைசியில் இருவருமாக உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம். ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதிப் பிழைத்தவன், வீட்டுக்குள்ளும் பேரேட்டைக் கொண்டுவந்துவிட்டேன். ஒருநாள் பார்த்தால் ஒரு கட்டத்தில் ஓட்டை. சிவப்புக் குறியை ரப்பரால் தேய்த்திருக்கிறாய். மை போகவில்லை என்றதும் எச்சில் தொட்டுத் தேய்த்திருக்கிறாய். தாள் மெலிந்து, திரிதிரியாகச் சுருண்டு, நடுவில் கிழிந்துபோயிருந்தது. அந்த ஓட்டை வழியாக அடுத்த மாதத்துத் தேதி ஒன்று எட்டிப் பார்த்தது. நான் என்ன செய்தேன்? அழிக்கப் பார்த்த குற்றத்துக்காகப் பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு சிவப்புக் குறி போட்டேன்.

நீ மறந்திருக்கலாம். அன்றிரவு உன் குரலைக் கேட்டபோது எனக்கு அந்த ஓட்டைதான் கண்முன் வந்தது. இத்தனை வயதுக்குப் பிறகும் நீ தேய்த்துக்கொண்டே இருக்கிறாய்.

பவுல் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், நமக்கு விரோதமாக இருந்த "கையெழுத்தை" கிறிஸ்து குலைத்து, சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று வருகிறது. வெகுகாலம் அந்தச் சொல்லைக் கவனிக்காமலே வாசித்துவந்தேன். கிரேக்க மூலத்தில் அது கெய்ரோகிராஃபொன். கடன் வாங்கியவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் சீட்டு. நம் பேச்சில் சொன்னால் புரோநோட்டு. குலைத்து என்று நம் வேதாகமத்தில் இருக்கும் வினைக்கு மூலத்தில் துடைத்தெடுத்தல் என்று பொருள். அந்தக் காலத்து மை கரியில் செய்தது. பப்பிரஸ் தாளுக்குள் ஆழமாக இறங்காது. ஈரமான கடற்பஞ்சால் துடைத்தால் வந்துவிடும். தாள் கிழியாது.

ஆனால் யார் துடைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சீட்டு இருப்பது கடன் கொடுத்தவர் கையில். வாங்கியவன் திருட்டுத்தனமாக அதை எடுத்து அழித்தால் அதற்கு மோசடி என்று பெயர். கொடுத்தவரே அழித்தால்தான் அது தள்ளுபடி. நீ எவ்வளவு உழைத்துத் தேய்த்தாலும் உன்னால் ஆகாததற்குக் காரணம் உன் கையில் பலம் குறைவு என்பதல்ல மகளே. அந்தச் சீட்டு உன்னிடம் இல்லை.

வேலையில் நான் பழகிய சொல் ஒன்று உண்டு: வாராக்கடன். இனி வரவே வராது என்று தெரிந்துவிட்ட கடன். அதைத் தள்ளுபடி செய்யும்போது தொகை காற்றில் கரைந்துவிடுகிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். கணக்கு எழுதுகிறவனுக்குத்தான் தெரியும், ஒரு காசுகூடக் கரைவதில்லை என்று. வாங்கியவன் பெயரிலிருந்து எடுத்த தொகை அப்படியே கொடுத்தவரின் நஷ்டக் கணக்கில் போய் உட்காரும். ஐந்தொகையில், அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கில், அவருடைய முதல் அந்த அளவுக்குக் குறையும். மன்னிப்பும் அப்படித்தான் என்று எனக்குப் புரிய ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. "கர்த்தரோ நம்மெல்லாருடைய அக்கிரமத்தையும் அவர்மேல் விழப்பண்ணினார்" என்று ஏசாயா 53-இல் இருப்பதைக் கணக்குக்காரன் கண்ணால் படித்த நாளில், படித்த இடத்திலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்மேல் விழுந்தது. நஷ்டம் அந்தப் பக்கம் போயிற்று.

சிலுவை முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடும் என்று சொல்லமாட்டேன். மீட்பின் கிரயம் என்றார்கள், மரணத்தின்மேல் கிடைத்த வெற்றி என்றார்கள், இறைமகிமைக்குச் செய்யவேண்டிய ஈடு என்று பதினோராம் நூற்றாண்டின் முடிவில் அன்செல்ம் எழுதினார். இரண்டாயிரம் வருஷமாக வேத பண்டிதர்கள் பேசித் தீராதது. எனக்குத் தெரிந்த பாஷை கணக்கு, அதனால் கணக்கில் சொன்னேன்.

இதனால்தான் கிருபையைப் "பரவாயில்லை"யோடு குழப்பிக்கொள்ளாதே என்கிறேன். அன்றிரவு நீ சொல்லி முடித்ததும் என் வாயில் முதலில் வந்தது அந்தச் சொல்தான். விழுங்கிவிட்டேன். காலை மிதித்தவரிடம் பரவாயில்லை என்கிறோம். பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை என்று அர்த்தம். நீ செய்ததில் ஒருவருக்கு உண்மையாகவே வலித்திருக்கிறது. அதைப் பரவாயில்லை என்று சொன்னால் அது அவரையும் அவமதிப்பது, உன்னையும் அவமதிப்பது.

தம் சீஷன் பேதுருவிடம் இயேசு பரவாயில்லை என்று சொல்லவே இல்லை. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு அவரை மறுதலித்தான். உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் இயேசு அவனுக்காகக் காத்திருந்தபோதும் அங்கே கரிநெருப்பு போட்டிருந்தது. அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. மூன்று தரம் மறுதலித்தவனிடம் மூன்று தரம் "என்னை நேசிக்கிறாயா?" என்ற கேள்வி. மூன்றாவது தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் எழுதியிருக்கிறார். துக்கப்பட்டிருக்கத்தான் வேண்டும். புண்ணைத் தொடாமல் மருந்து போட முடியாது. ஆனால் கேட்டு முடித்த கையோடு "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்று வேலையைக் கொடுத்துவிட்டார். முதலில் ஆறு மாதம் ஒழுங்காக இருந்து காட்டு, பிறகு பார்க்கலாம் என்று சொல்லவில்லை. நானாக இருந்தால் ஒரு நாட்காட்டி தொங்கவிட்டிருப்பேன்.

தமிழில் பாவம் என்ற சொல்லை யோசித்துப் பார்த்திருக்கிறாயா? "பாவம் செய்தான்" என்றும் சொல்கிறோம், அதே வாயால் "ஐயோ பாவம்!" என்றும் சொல்கிறோம். குற்றத்துக்கும் பரிதாபத்துக்கும் ஒரே சொல். பிரசங்கிகள் பலர் முதல் பொருளிலேயே நின்றுவிடுகிறார்கள். இந்தக் காலத்தில் சிலர் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு, குற்றமே இல்லை, எல்லாம் சூழ்நிலை என்று முதுகைத் தட்டிக்கொடுக்கிறார்கள். இயேசு சொன்ன கதையில், தேவாலயத்தின் ஓரத்தில் கண்களை ஏறெடுக்கவும் துணியாமல் நின்ற ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், இரண்டையும் சேர்த்தே சொன்னான்: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அவனுடைய ஜெபம் அவ்வளவுதான். அவன்தான் நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனான் என்கிறார் இயேசு. வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்துத் தசமபாகத்தையும் தவறாமல் செலுத்திய பரிசேயன், நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்டவன், அப்படிப் போகவில்லை. வரவு வைத்தே பழகியவனுக்கு அந்தக் கதை எப்போதும் கசக்கும்.

எனக்கு மட்டும்தான் இந்த வியாதி என்று நினைத்திருந்தேன். சபை சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டியபோது பெரிய கூட்டாளி ஒருவர் கிடைத்தார். பெலாஜியுஸ் என்று பெயர். பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி, கண்டிப்பான ஒழுக்கசீலர். மனிதன் மனம்வைத்தால் கட்டளைகளைக் கைக்கொள்ள அவனால் முடியும், முடியாது என்பதெல்லாம் சாக்கு என்றார். ஹிப்போவின் பிஷப்பாக இருந்த அகஸ்டின் அவரை விடாமல் எதிர்த்தார். மனம்வைப்பதற்கே மனம் வரவில்லையே, அதை யார் தருவது என்பதுதான் அகஸ்டினின் கேள்வி. 418-இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளிவிட்டது. தள்ளி என்ன, பதினாறு நூற்றாண்டுகள் கழித்தும் ஞாயிறுதோறும் முன்வரிசையில் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் என்னைப்போன்றவர்களுக்குள் அவர் சௌக்கியமாகவே இருக்கிறார். கிருபையைப் பற்றித்தான் பாடுவோம். வீட்டுக்கு வந்து பேரேட்டைத் திறப்போம்.

விசுவாசமா, கிரியையா என்று லூத்தர் காலத்திலிருந்து நடந்த சண்டையை இங்கே இழுக்கப்போவதில்லை. 1999 அக்டோபர் 31 அன்று லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. தேவன் நம்மை ஏற்றுக்கொள்வது நம்மிடமுள்ள தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே என்பதில் இரு பக்கமும் ஒத்துப்போயின. நாம் கிருபை என்கிறோம், அவர்கள் அருள் என்கிறார்கள். உன் கேள்விக்கு அது போதும்.

உன் கேள்விக்கு நேரான பதில் ரோமர் 5:8-இல் ஒரே சொல்லாக இருக்கிறது: "நாம் பாவிகளாயிருக்கையில்." திருந்திய பின்பு என்றில்லை, திருந்துவோம் என்று வாக்குக் கொடுத்த பின்பு என்றுமில்லை. இருக்கையில். அப்போதுதான் கிறிஸ்து மரித்தார் என்கிறது வசனம். சரியாகிக்கொண்டு வருகிறேன் என்று நீ சொல்வது, ஜுரம் இறங்கியதும் வைத்தியரைப் பார்க்கிறேன் என்பதைப்போல இருக்கிறது.

"அப்படியானால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்துவிட்டு வரலாமே?" என்று கேட்பாய். உன்னை எனக்குத் தெரியும். பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். கூடாதே என்று ஒரே சொல்லில் வெட்டிவிட்டுத்தான் அவர் விளக்கத் தொடங்குகிறார். என் அனுபவத்தைச் சொல்கிறேன். பயத்தினால் நான் விட்ட கெட்ட குணங்களெல்லாம் பயம் போனதும் திரும்பி வந்துவிட்டன. மன்னிக்கப்பட்டேன் என்று உள்ளூர உணர்ந்தபோது விட்டவை சிலதான். அவை திரும்பவில்லை.

ஆனால் அது மெதுவாக நடக்கும். எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஜான் நியூட்டனைப் பார். கிருபையைப் பற்றி உலகமெங்கும் பாடப்படும் "அமேசிங் கிரேஸ்" பாட்டை எழுதிய அதே மனிதர். 1748-இல் நடுக்கடல் புயலில் தேவனை நோக்கிக் கதறினார். தன் மனந்திரும்புதலை அந்த நாளிலிருந்து கணக்கிட்டார். அதற்குப் பிறகும் அடிமைகளை ஏற்றிச்செல்லும் கப்பலுக்குத் தலைவராகப் போனார். 1754-இல் கடல் வேலையை விட்டதுகூட உடல்நலக் குறைவால்தான். அந்த வியாபாரத்தின் கொடுமையையும் அதில் தன் பங்கையும் அவர் பகிரங்கமாக எழுதி அச்சிட்டது 1788-இல். நாற்பது வருஷம்! அவருடைய கப்பலின் அடித்தளத்தில் விலங்கிடப்பட்டுக் கிடந்தவர்களை நினைத்தால் அந்த நாற்பது வருஷத்தை எந்தச் சொல்லாலும் நியாயப்படுத்த முடியாது, நானும் முயலவில்லை. நீ போன மாதம் மறுபடியும் விழுந்ததைக் கொண்டு, உனக்குக் கிடைத்தது கிருபையே இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடாதே என்பதற்காக மட்டும் சொல்கிறேன். நீ வருத்திய அந்த நபரிடம் போய்ப் பேச வேண்டியிருக்கும். ஆயக்காரனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான், நினைவிருக்கட்டும். ஆனால் இயேசு அவன் வீட்டில் தங்கவேண்டும் என்று சொன்னது அதற்கு முன்பே.

லூக்கா 15-இல், தன் பங்குச் சொத்தை வாங்கிப்போய் அழித்துவிட்ட அந்த இளைய மகன் பன்றிகளின் நடுவே உட்கார்ந்து, தகப்பனிடம் பேசவேண்டியதை ஒத்திகை பார்க்கிறான். மூன்று பகுதிகள்: பாவஞ்செய்தேன், உமது மகன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, உமது கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவது அவன் வாயில் வரவே இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரை நோக்கி உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். கூலிக்காரனாகி உழைத்துக் கடனை அடைக்கும் திட்டத்தைச் சொல்லி முடிக்க இடமே கொடுக்கவில்லை. நீ அன்றிரவு என்னிடம் சொன்னது அந்த மூன்றாவது வாக்கியம்தான்.

இந்தக் கதையில் நான் அந்தத் தகப்பன் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். உள்ளபடி சொன்னால், வயலிலிருந்து வந்து உள்ளே நுழையமாட்டேன் என்று வெளியே நின்ற மூத்தவன் நான். இத்தனை வருஷகாலமாய் உமக்கு ஊழியஞ்செய்தேனே என்று கணக்குச் சொன்னவன். அவனையும் வருந்தியழைக்கத் தகப்பன் வெளியே வந்தார் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அவன் உள்ளே போனானா என்று கதையில் இல்லை.

அந்த நாட்காட்டிக்காக நீ என்னை மன்னிக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சுமை. ஓட்டையைப் பார்த்த அன்று உன்னைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்திருக்க வேண்டியவன், சிவப்புப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். இதற்கு நீ பரவாயில்லை என்று பதில் எழுதாதே. நேரம் எடுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு கூப்பிடு. என்ன பேசுவது என்று எழுதிவைத்துக்கொள்ளாதே; நானும் வசனம் எதுவும் குறித்துவைக்கமாட்டேன். நீ பேசாமல் இருந்தாலும் நான் போனை வைக்கமாட்டேன்.

உன் அப்பா