இறந்த காலம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. 31 வருஷம் வகுப்பில் நின்று பேசியவள்தான், ஆனாலும் சில விஷயங்கள் எழுதினால்தான் எனக்குக் கோவையாக வருகின்றன.

அன்றைக்குப் பாப்பா தமிழ் வகுப்பிலிருந்து வந்த கையோடு என்னிடம், "பாட்டி, இறந்த காலம்னா காலம் செத்துப்போச்சா?" என்று கேட்டாள். அப்புறம் நீ போனை வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய், குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு அப்பாகிட்ட வரம்பு மீறிப் பேசிட்டேம்மா, அது உறுத்திக்கிட்டே இருக்கு" என்றாய். நாலு நாளாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவள் கேட்டதும் நீ சொன்னதும் ஒரே சொல்லைப் பற்றித்தான்.

பாப்பாவுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். 'இற' என்றால் கடந்து போ என்று அர்த்தம். இறந்த காலம் என்பதும் கடந்த காலம் என்பதும் ஒன்றுதான். 'இறப்பு எதிர்வு நிகழ்வு எனக் காலம் மூன்றே' என்று நன்னூலில் வருகிறதே, அந்த இறப்பில் சாவு கிடையாது. நம்மைத் தாண்டிப் போன காலம், அவ்வளவுதான். 'அளவிறந்த மகிழ்ச்சி' என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள், கேட்டிருப்பாய். அளவைக் கடந்த மகிழ்ச்சி.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பத்தாம் வகுப்பில் ஒரு பாலைத்திணைப் பாட்டு, பிரிவைப் பாடுகிற சங்கப் பாட்டு, நடத்தினேன். அதில் தலைவன் 'சுரன் இறந்தோர்' என்று வந்தது. முன் பெஞ்சில் ஒரு பெண் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றால், "அவரு வெயில்ல செத்துட்டாரா டீச்சர்?" என்றாள். இல்லை, சுரம் என்பது வறண்ட காட்டுவழி, அதைக் கடந்து அந்தப் பக்கம் பொருள் தேடப் போயிருக்கிறார், திரும்பி வருவார் என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நீ விமானம் ஏறிய அன்று அந்தச் சொல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கடல் இறந்து போயிருக்கிறான் பிள்ளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாயைப் பொத்தியிருப்பார்கள்.

சாவுக்கு அந்தக் காலத்தில் வேறு சொற்களும் இருந்தன. மாய்தல், விளிதல். அரசர்களுக்குத் துஞ்சுதல், அதாவது தூங்குதல், என்பார்கள். 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' என்றால் குளமுற்றம் என்ற இடத்தில் உயிர் விட்டவன். தூங்கினான் என்று சொல்வது எவ்வளவு பதமாக இருக்கிறது பார். இறந்தார் என்பதும் அப்படித்தான், ஒரு எல்லையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார் என்று பக்குவமாகச் சொன்னது. நாளாக ஆக மற்ற அர்த்தமெல்லாம் தேய்ந்து, சாவு மட்டும் அதில் ஒட்டிக்கொண்டது.

கடப்பதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. வழியைக் கடந்தால் பயணம். இருக்க வேண்டிய அளவைக் கடந்தால் குற்றம். அந்தக் குற்றத்துக்கும் இறப்பு என்றே பெயர். நீ சொன்ன வரம்பு மீறலும் இதே ஜாடைதான். வரம்பு நம்ம வயல் வரப்பேதான். யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றைக்கும் வயல் வரம்பு என்றுதான் சொல்கிறார்கள், மலையாளத்திலும் வரம்புதான். மீ என்றால் மேலே. மழை கொட்டினால் தண்ணீர் வரப்புக்கு மேலே ஏறிப் போகிறதே, அதுதான் மீறுவது.

வள்ளுவர் இந்த இரண்டு அர்த்தத்தையும் ஒரே அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார். 'இறந்தார் இறந்தார் அனையர்.' வெகுளாமையில் கடைசிக் குறள், 310. முதல் இறந்தார், கோபத்தில் அளவு கடந்தவர். இரண்டாவது இறந்தார், செத்தவர். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை தம்பி. உனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது இன்னொரு குறள், 152.

'பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை
மறத்தல் அதனினும் நன்று.'

இந்த இறப்புக்குப் பரிமேலழகர் 'மிகை' என்று உரை சொல்கிறார். ஒருவர் நம்மிடம் மிகையாக நடந்துகொண்டால் பொறுத்துக்கொள், அதை மறந்தே போவது அதைவிட நல்லது. வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். பொறுப்பது எனக்குப் புரியும். மறப்பது எப்படி ஒருவரால் முடியும் என்பது மட்டும் அப்பாவைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, வயலை விற்கிற பேச்சில், திண்ணையில் நின்றுகொண்டு, "எனக்குன்னு நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாய். நான் அடுப்படியில் இருந்தேன், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திண்ணை லைட்டை அணைத்துவிட்டு உள்ளே வந்து படுத்தார். தூங்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

விடிகாலை நாலரைக்கு எழுந்து பார்த்தால், கூடத்தில் உட்கார்ந்து உன் பெரிய பெட்டிக்கு நைலான் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வைக்கோல் கட்டுக்குப் போடுகிற முடிச்சு. முழங்காலைப் பெட்டிமேல் ஊன்றி இழுத்தார், அப்புறம் இரண்டு விரலை உள்ளே விட்டு இறுக்கம் சரிதானா என்று பார்த்தார். "பிரிச்சா சட்டுனு பிரியணும், ஏர்போர்ட்டுல புள்ள நின்னு தவிக்கக் கூடாது" என்றார். அப்போது நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

ஆறு மாசம் கழித்து ஒருநாள் நானே அந்தப் பேச்சை எடுத்தேன். "அன்னைக்கு ராத்திரி அவன் அப்படிப் பேசினது உங்களுக்கு வருத்தம்தானே?" என்றேன். நெல் மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்திவிட்டு, "எந்த ராத்திரி?" என்றார். வேண்டுமென்றே கேட்கிறார் என்று நினைத்து நாளையும் பேச்சையும் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கெளம்புற பதட்டத்துல ஏதோ சொல்லியிருப்பான்" என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினார். வயசான மறதி என்று சொல்ல முடியாது. நாலு வருஷத்துக்கு முந்தின உர பாக்கி வரை பைசா சுத்தமாகச் சொல்வார், உனக்கே தெரியும். இந்த ஒன்றை மட்டும் அவர் மனசு வைத்துக்கொள்ளவில்லை. இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் இருக்கும்போதே சொல்லாமல் விட்டது என் பிழை, அதற்காக நீ என்னைப் பொறுத்துக்கொள்.

அப்பா போனபோது வந்தவர்கள் எல்லோரும் "தவறிட்டாராமே" என்றுதான் கேட்டார்கள். அப்போதும் இந்த எண்ணம் ஓடியது. தவறினார் என்றால் பிழை செய்தார் என்றும் அர்த்தம், போய்விட்டார் என்றும் அர்த்தம். படித்தவர், படிக்காதவர் எல்லோர் வாயிலும் பிழையும் சாவும் இப்படி ஒரே சொல்லில்தான் இருந்துகொண்டிருக்கின்றன.

வருஷத் திதி அடுத்த மாசம் வருகிறது. லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் வருத்தப்படாதே. மருமகள் கேட்ட கொள்ளுப்பொடி அரைத்து வைத்திருக்கிறேன், பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் அங்கே வருகிறார், கொடுத்துவிடுகிறேன். அடுத்த ஞாயிறு பாப்பாவை முதலில் போனில் பேசச் சொல். அந்தத் தலைவன் காட்டைக் கடந்து போன கதையை அவளுக்கு நானே சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா