தடையை எழுதும்போது காரணத்தையும் எழுதுங்கள்: கட்டட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகங்கள், நூலகங்கள், தொடர்வண்டி நிலையங்கள், அரண்மனைகள், வழிபாட்டிடங்கள் ஆகியவற்றைப் பராமரிக்கும் இயக்குநர்களுக்கும் அறங்காவலர்களுக்கும்,

வணக்கம். செல்லும் நகரங்களில் எல்லாம் கட்டடங்களையும் அவற்றின் உட்புறங்களையும் படமெடுத்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வாயிலில் ‘புகைப்படம் எடுக்கக் கூடாது’ என்ற ஒற்றை வரிப் பலகை தொங்குமானால், அதைக் கழற்றிவிட்டு, எந்த இடத்தில் கூடாது, எந்தக் கருவியால் கூடாது, ஏன் கூடாது என்பதை விளக்கமாக எழுதி வையுங்கள்.

படமெடுப்பதால் தொல்லை வருவதில்லை என்று நான் வாதிடவில்லை. வருகிறது, ஆனால் ஒவ்வொரு தொல்லையும் ஒவ்வொரு வகை. ஃபிளாஷ் பக்கத்தில் நிற்பவரின் கண்ணைக் கூசச் செய்யும். துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்றவற்றை 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான வெளிச்சத்தில் வைத்துக் காப்பது அருங்காட்சியகங்களின் வழக்கம் என்பதால், அத்தகைய அறைக்குள் ஃபிளாஷ் வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கட்டட உட்புறத்தை எடுப்பவருக்கு அது உதவுவதும் இல்லை. கையடக்கமான ஃபிளாஷின் வெளிச்சம் சில மீட்டர்களுக்குள் தேய்ந்துவிடும். தரையிலிருந்து ஏறத்தாழ 43 மீட்டர் உயரத்தில் முடியும், ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியனின் குவிமாடத்தை அதனால் தொடக்கூட முடியாது. டிரைபாடின், அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலியின், கால்களில் கூட்டம் இடறும் என்பது உண்மை. வழிபடுபவரின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது அநாகரிகம் என்பதும் உண்மை. இவை எல்லாவற்றுக்கும் மருந்தாக ஒரே தடையைப் போடும்போது, தூணோரம் ஒதுங்கி, யாரையும் இடிக்காமல், மேற்கூரையை மட்டும் அமைதியாக எடுப்பவரும் குற்றவாளியாகிவிடுகிறார்.

ஒரு நூலகத்தின் பழைய வாசிப்புக் கூடத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். உயரமான சன்னல்களின் வழியே வந்த பகல் வெளிச்சம் நீலம் தோய்ந்து மேசைகளின் ஓரத்தில் விழுந்திருந்தது. பச்சை விளக்குகளுக்குக் கீழே மரப்பலகை மஞ்சளாக மின்னியது. இரண்டு நிறங்களும் ஒன்றையொன்று கெடுக்காமல் படத்தில் வரவேண்டுமானால், எதை வெண்மையாகக் கொள்வது என்று முடிவு செய்யவே சிறிது நேரம் பிடிக்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, மூச்சை விட்டு முடிக்கும் கணத்தில், நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு வேகத்தில் சத்தமில்லாத ஷட்டரை அழுத்தினேன். உடனே காவலர் வந்து கேமராவை உள்ளே வைக்கச் சொன்னார். அவரைச் சுற்றிப் பலர் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவரின் செல்பேசி ஒவ்வொரு படத்துக்கும் டிக் என்று ஒலித்தது. காரணம் கேட்டேன். “பெரிய கேமரா என்றால் கூடாது” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். ஆனால் கருவியின் பருமனைப் பார்த்து விதி வகுத்தால் சத்தமும் குறையாது, நெரிசலும் குறையாது, கூடத்தின் பாதுகாப்பும் அதிகரிக்காது.

காரணத்தை எழுதச் சொல்வதற்கு இன்னொரு முகாந்திரம் உண்டு: காரணம் மறைந்த பிறகும் தடை தங்கிவிடுகிறது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோவின் ஓவியங்களைப் புதுப்பிக்க ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி நிறுவனம் நிதி வழங்கியது. அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலத்துக்குப் படமெடுக்கும் உரிமை அந்நிறுவனத்துக்கு மட்டுமே கிடைத்தது; மற்றவர்களுக்குத் தடை வந்தது. கூரையும் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியமும் 1994-க்குள் புதுப்பிக்கப்பட்டன. அந்த உரிமைக் காலமும் எப்போதோ முடிந்தது. தடை மட்டும் இன்றும் நீடிக்கிறது. அங்குள்ள நெரிசலையும் அது வழிபாட்டிடம் என்பதையும் எண்ணிப் பார்த்தால் தடை சரியென்றே தோன்றலாம். அப்படியானால் அந்தப் புதிய காரணத்தைச் சொல்வதில் என்ன தயக்கம்? பழைய விதியை மறுபடி எடுத்துப் பார்க்கும் துணிவு சில அமைப்புகளுக்கு இருந்திருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை 2018-இல் தன் பராமரிப்பிலுள்ள நினைவுச்சின்ன வளாகங்களில் படமெடுக்க இருந்த தடையை நீக்கி, தாஜ்மகாலின் கல்லறை மண்டபம், அஜந்தா குகைகள், லே அரண்மனை ஆகிய மூன்று இடங்களில் மட்டும் தடையைத் தொடர்ந்தது. எகிப்து அரசு 2022-இல் பொது இடங்களில் சொந்தப் பயன்பாட்டுக்குப் படமெடுக்க அனுமதியோ கட்டணமோ வேண்டியதில்லை என்று அறிவித்தது. முன்பு எவ்வளவு கெடுபிடி இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கே இந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டித் தடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். தெருவிலிருந்து தெரியும் கட்டடத்தைப் படமெடுத்து வெளியிடும் உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஜெர்மனியில் பொதுவழியிலிருந்து எடுத்தால் வணிகத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம்; ஆனால் வியன்னாவில் உள்ள ஹுண்டர்ட்வாசர் இல்லம் என்ற வண்ணமயமான குடியிருப்புக் கட்டடத்தை எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்த படத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது என்று 2003-இல் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரான்சில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர்களின் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டுமே இடம் தருகிறது. ஐஃபல் கோபுரத்தைப் பகலில் எடுத்த படத்துக்குச் சிக்கல் இல்லை, இரவு விளக்கலங்காரத்துக்கோ நிர்வாகம் உரிமை கோருகிறது. ஒரு பகல் பொழுது மட்டும் ஊரில் தங்கும் பயணி இத்தனையையும் படித்துவிட்டு வரவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எந்தச் சிற்பத்துக்கு, எந்த விளக்கமைப்புக்கு உரிமைக் கட்டுப்பாடு இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை நுழைவுச்சீட்டிலேயே அச்சிட்டுவிடலாம்.

பயணிகளின் படங்கள் வெறும் நினைவுப்பொருள் என்று நீங்கள் நினைத்தால், ரியோ டி ஜெனிரோவை நினைவுபடுத்த விரும்புகிறேன். 2018 செப்டம்பர் 2 அன்று பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபின், அந்நகரின் பல்கலைக்கழகம் ஒன்றின் அருங்காட்சியகவியல் மாணவர்கள், அங்கே சென்றுவந்த எல்லோரிடமும் அவர்கள் எடுத்த படங்களைக் கேட்டு வேண்டுகோள் விடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் படங்கள் வந்தன. ஆப்கானிஸ்தானின் பாமியானில் 2001-இல் தகர்க்கப்பட்ட புத்தர் சிலைகளைக் கணினியில் மீட்டுருவாக்கிய சூரிச் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், 1970-இல் துல்லிய அளவீட்டுக்காக எடுக்கப்பட்ட படங்களோடு சுற்றுலாப் பயணிகளின் படங்களையும் பயன்படுத்தினார்கள். கழிப்பறைக்குப் போகும் வழியிலிருந்த கதவின் கைப்பிடி, படிக்கட்டு திரும்பும் இடத்தில் தரையோட்டின் கோலம், கூரைச் சட்டம் சுவரோடு சேரும் மூலை ஆகியவை அதிகாரபூர்வப் படத்தொகுப்புகளில் பெரும்பாலும் இருக்காது. அவற்றை நின்று எடுப்பவர் பயணிதான்.

அவருக்குத் தேவையானவை மிகக் குறைவு. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து தெரியும் என்பதால், அவர் கூடத்தின் கடைசி முனையிலோ பாதி உயரத்தில் உள்ள மாடத்திலோ கேமராவை மட்டமாகப் பிடித்து நிற்க விரும்புவார். அங்கேயும், கூடத்தின் நட்ட நடு அச்சிலும்தான் கயிறு கட்டிய கம்பங்களும், அறிவிப்புத் தட்டிகளும், நன்கொடைப் பெட்டியும் நிற்கின்றன. அவற்றை இரண்டடி நகர்த்த எந்தச் செலவும் இல்லை. டிரைபாடைப் பகல் முழுவதும் தடுங்கள். வாரத்தில் ஒரு காலை, கூட்டம் வருமுன், முன்பதிவு செய்த சிலரை அதனோடு அனுமதியுங்கள். அதற்குக் கட்டணம் வாங்கினாலும் தவறில்லை. இப்போது பல இடங்களில் அனுமதி என்பது வணிகப் படப்பிடிப்புக்கான விண்ணப்பம் மட்டுமே. வாரக்கணக்கில் காத்திருந்தால்தான் பதிலே வரும். வழிப்போக்கருக்கு அது மறுப்புக்குச் சமம். ட்ரோனைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு மேலே அது பறக்கக் கூடாது என்பதே என் கருத்தும்.

படமெடுப்பவர்கள் உங்களுக்குத் தரவேண்டிய மரியாதை உண்டு. மற்றவர் பார்வையை மறைக்காதிருப்பதும், வழிபாடு நடக்கும்போது லென்ஸை மூடிவைப்பதும், வேண்டாம் என்று தலையசைப்பவரை எடுக்காதிருப்பதும் எங்கள் பொறுப்பு. அதை மீறுபவரை வெளியேற்ற உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

புதிய விதிகளை எழுதி முடித்ததும் அவற்றை இணையதளத்தின் முகப்பிலேயே இடுங்கள். நுழைவுச்சீட்டு வாங்கிய பிறகு தெரியவரும் தடைதான் பயணியை அதிகம் நோகச் செய்கிறது. அதே வாசகத்தின் நகலைக் கூடத்தில் நிற்கும் ஒவ்வொரு காவலர் கையிலும் கொடுங்கள். அடுத்த முறை ஏன் என்று ஒருவர் கேட்டால், அவர் அதைப் படித்துக் காட்டட்டும்.

மரியாதையுடன்,
உங்கள் கட்டடங்களைப் பார்க்க வரும் பயணி ஒருவன்