வகுப்பில் யார் பக்கத்தில் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை முடித்து டவுன் இடைநிலைப்பள்ளிக்கு வந்துவிட்டால், மலாய், சீன, இந்திய மூவினமும் தானாகக் கலந்துவிடும் என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். நடப்பது வேறு. மலாய்மொழியில் பின்தங்கியவர்கள் முதலில் பெராலிஹான் என்னும், படிவம் 1-க்கு முந்தைய ஆயத்த வகுப்புக்குப் போகிறார்கள். அங்கே தமிழரும் சீனரும்தான். ஓராண்டு கழித்துப் படிவம் 1-க்கு வரும்போது, மலாய்வழித் தேசியப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் முன் மேசைகளில் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். வயதில் மூத்தவர் நம் பிள்ளை. கிடைப்பதோ கடைசி வரிசை. நன்னெறிப் பாடம் வந்தால், முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்குப் போக, வகுப்பு மறுபடி இரண்டாகப் பிரியும்.

பையன்கள் எப்படியோ ஒட்டிக்கொள்கிறார்கள். ஒரு பந்து போதும், யார் என்ன இனம் என்று கேட்க நேரமிருக்காது. பெண்பிள்ளைகளுக்கு அந்தத் திடல் இல்லை. மணி அடித்ததும் தோட்டத்து வேன். விளையாட்டு, கழகம் போன்ற மாலைப் புறப்பாட நடவடிக்கைக்கு நிற்க வீட்டில் விடுவதில்லை. ஆகவே பழக்கம் வகுப்பு நேரத்திலேயே ஏற்பட்டாக வேண்டும்.

அதற்கு 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் அரோன்சன் அமைத்த 'ஜிக்சா' முறை கைகொடுக்கும். இனம் பிரித்த பள்ளிகளை அங்கே ஒன்றாக்கியபோது பிள்ளைகளிடையே மூண்ட சண்டையைத் தணிக்க வந்த முறை அது. 30 பேர் வகுப்பென்றால் 5 பேராக 6 குழு. பாடத்தையும் 5 துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் கூடிப் பேசித் தெளிவார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக் கொடுப்பார்கள். சோதனை தனித்தனியே. கூட்டாளி சொல்வதைக் கேட்காதவருக்கு மார்க் போகும். இனிக்க இனிக்கப் பேசும் ஒற்றுமை உரைகளைவிட இது வேலை செய்யும்.

கெடுவது எங்கே? குழுவுக்கு ஒரு தமிழ்ப் பெண் என்று பங்குபோடும்போதுதான். தனியாளானவள் வாய் திறக்கமாட்டாள். கையெழுத்து அழகென்று எழுதும் வேலையையும் அவள் தலையில் கட்டுவார்கள். இரண்டு பெண்களையாவது சேர்த்துப் போடுங்கள். எழுதுபவரை முறை வைத்து மாற்றுங்கள். ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் மட்டும் ஜோடியாக உட்கார வைத்தால் கேலி தொடங்கிவிடும். மறுநாள் அவள் இடம் மாறியிருப்பாள். மலாய் தடுமாறுபவருக்குத் துண்டை முதல் நாளே கொடுத்துவிடுவது நல்லது. இரண்டு வாரத்தில் பலனில்லை என்று குழுவைக் கலைக்காதீர்கள். பெயர் பழகவே அவ்வளவு நாளாகும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒன்று: புறப்பாட நாளில் மட்டும் மாலையில் இன்னொரு நடை வர முடியுமா என்று வேன்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

படிவம் 1 வகுப்பாசிரியர்கள் சிலர்,
பகாவ், நெகிரி செம்பிலான்