பொதுக் காட்டில் விட்டுச்செல்லும் கேமராக்கள்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

சால்ட் லேக் சிட்டி, யூட்டா
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் அனைவரும் நலம். தாங்களும் சித்தியும் தம்பிகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். சென்ற முறை தொலைபேசியில் பேசியபோது, இங்குள்ள காடுகளிலும் மரங்களில் கேமரா கட்டியிருக்கிறார்களே, அது வனத்துறையின் வேலையா, நம் புலிக் கணக்கெடுப்பைப் போல இங்கும் ஏதாவது கணக்கெடுக்கிறார்களா என்று கேட்டீர்கள். இணைப்பு விட்டுவிட்டு வந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சத்தியமங்கலம் காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலராக எத்தனையோ கேமராக்களைத் தம் கையாலேயே கட்டியவர் நீங்கள் என்பதால், இதை உங்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

அவை வனத்துறையின் கேமராக்கள் அல்ல. பெரும்பாலானவை வேட்டைக்காரர்கள் சொந்தப் பணத்தில் வாங்கி, மானும், எல்க் என்ற பெரிய மான் வகையும் நடக்கும் தடங்களிலும் நீர்நிலைகளின் கரையிலும் கட்டிவிட்டு, வாரக்கணக்கில் திரும்பிப் பாராமல் விட்டுச்செல்பவை. இங்கே ட்ரெயில் கேமரா என்பார்கள். கருவி நீங்கள் கையாளுவதைப் போன்றதுதான்: உடல் சூடும் அசைவும் பட்டவுடன் விழித்துக்கொண்டு படமெடுக்கும், இருட்டில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும், சில பேட்டரிகளில் மாதக்கணக்கில் ஓடும். ஆனால் நீங்கள் புலியின் இரு பக்கத்து வரிகளும் வேறுபடும் என்பதற்காகப் பாதையின் இருபுறமும் எதிரெதிரே கட்டுவது, அந்தப் புலியை இன்னாரென்று அறிந்து, எண்ணி, காப்பதற்காக. இங்கே அடையாளம் காணப்படும் ஆண் மான், பருவம் திறந்ததும் சுடப்படுவதற்காக அடையாளம் காணப்படுகிறது.

இங்குள்ள நிலத்தின் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. நம் ஊரில் காப்புக்காடு என்றால் சோதனைச்சாவடியும் அனுமதிச்சீட்டும் உண்டு. இங்கே நான் வந்த புதிதில் என்னை மிகவும் வியக்க வைத்தது, காட்டுக்கு வாசலே இல்லை என்பதுதான். யூட்டா மாநிலத்தின் நிலத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் கூட்டாட்சி அரசின் வசம் இருக்கிறது; பக்கத்து மாநிலமான நெவாடாவில் அது ஏறத்தாழ 80 விழுக்காடு. நாடு முழுவதும் தேசிய வனங்கள் சுமார் 19.3 கோடி ஏக்கர், நில மேலாண்மைத் துறையின் நிலங்கள் சுமார் 24.5 கோடி ஏக்கர். இவற்றின் பெரும்பகுதியில் யாரும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம், மீன் பிடிக்கலாம், உரிமம் பெற்றவர் வேட்டையும் ஆடலாம். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் வாசாட்ச் மலையும் அப்படிப்பட்ட தேசிய வனம்தான். அக்டோபர் கடைசியில் துப்பாக்கி வேட்டைக் காலம் வந்தால் குழந்தைகளுக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி மாட்டித்தான் மலைக்கு அழைத்துச் செல்கிறோம்.

வேட்டை என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் முகம் சுருங்குவது எனக்குத் தெரிகிறது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வாழ்நாளெல்லாம் வேலை செய்தவருக்கு அப்படித்தான் இருக்கும். எனக்கும் வேட்டையில் மனம் செல்லவில்லை. ஆயினும் இங்கே அது ஒளிந்து செய்யும் குற்றம் அல்ல. குலுக்கலில் அனுமதி பெற்று, குறித்த நாட்களில், குறித்த எல்லைக்குள் செய்வது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் தனி வரி 1937 ஆம் ஆண்டின் சட்டப்படி வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வில்லால் மட்டும் வேட்டையாடுபவர். பல ஆண்டுகள் வெறுங்கையோடு திரும்பியதை வருத்தமில்லாமல் சொல்வார். கிடைத்த ஆண்டில் குளிர்காலம் முழுவதும் குடும்பத்தோடு அந்த இறைச்சியையே உண்பார். அவரைப் போன்றவர்களைக் கண்ட பிறகு, வேட்டை கூடுமா கூடாதா என்பதை விட, எந்த முறையில் கூடும் என்ற கேள்வியையே இந்த நாட்டில் உண்மையாகக் கேட்க முடியும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கேள்வியை இவர்களே நெடுங்காலமாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். சந்தைக்காக வகைதொகையின்றிச் சுட்டு, காட்டெருமையை ஏறத்தாழ அழித்தேவிட்ட நூற்றாண்டின் இறுதியில், 1887 இல், தியோடர் ரூஸ்வெல்ட் முதலானோர் பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். விலங்கு தப்பிப்பதற்கு உரிய வாய்ப்பை வேட்டைக்காரன் பறித்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்களின் அடிப்படை நெறி. விமானத்திலிருந்து சுடுவது 1971 ஆம் ஆண்டின் சட்டத்தால் தடைப்பட்டதும் அதே எண்ணத்தின் தொடர்ச்சிதான். படத்தை எடுத்த மறுகணமே கைப்பேசிக்கு அனுப்பிவிடும் கேமராவின் துணையோடு வீழ்த்தப்பட்ட விலங்கை அந்த அமைப்பு இன்று தன் வேட்டைச் சாதனைப் பதிவேட்டில் ஏற்பதில்லை.

கேமரா காட்டுக்குள் வந்த வரலாறோ, வேட்டைக்கு உதவும் இந்தப் பயன்பாட்டுக்கு நேர் எதிரானது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஷைராஸ் வேட்டைக்காரராக இருந்து, துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தவர். விலங்கின் கால் பட்டதும் இயங்கும்படி கயிறு கட்டி அவர் இரவில் எடுத்த படங்கள் 1906 இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் வெளிவந்தன. நம் நாட்டிலும் 1920களில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் அதே முறையில் புலிகளைப் படமெடுத்தார். பின்னர் உல்லாஸ் காரந்த் நாகரஹொளேயில் தொடங்கி வளர்த்த கணக்கெடுப்பு முறையைத்தான் நீங்களும் பின்பற்றுகிறீர்கள். துப்பாக்கிக்கு மாற்றாக வந்த கருவி, இன்று துப்பாக்கிக்கு முன்னே நடந்து வழிகாட்டுவதாக மாறிவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

இதன் தீவிரம் மிகவும் தெரிவது வறண்ட நிலத்தில். எங்களுக்குத் தெற்கே, அரிசோனாவின் வடபகுதியில், மழை மிகக் குறைவு. விலங்குகள் குடிப்பதற்காகவே வனவிலங்குத் துறையும் தன்னார்வலர்களும் மழைநீரைச் சேகரிக்கும் தொட்டிகளை அமைத்திருக்கிறார்கள். வேறு நீர் இல்லாததால் அந்த வட்டாரத்து மான் எதுவும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். கோடையில் ஆண் மான்கள் கூட்டமாகத் திரிந்து, கொம்பு முற்றும் வரை ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே வழியில் வந்துபோகும் பழக்கமுடையவை. அப்படிப்பட்ட ஒரே தொட்டியைச் சுற்றிப் பலருடைய கேமராக்கள் நெருங்கி நிற்பதும், ஒவ்வொருவரும் தத்தம் படங்களை எடுக்க மாறி மாறி வந்து, தாகத்தோடு வரும் விலங்குகளைக் கலைப்பதும் வழக்கமாயின. காப்பதற்காக வைத்த தண்ணீரே கண்ணியாகிவிட்டது. அரிசோனாவின் வனவிலங்கு ஆணையம் 2021 ஜூனில் ஒருமனதாக வாக்களித்து, வேட்டைக்கு உதவியாக ட்ரெயில் கேமரா வைப்பதை 2022 ஜனவரி முதல் முற்றிலும் தடைசெய்தது. நெவாடா அதற்கு முன்பே, 2018 இல், பொது நிலத்தில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை தடை விதித்திருந்தது. படத்தை அலைபேசிக்கு அனுப்பும் வகைக்கு ஜூலையிலேயே தடை தொடங்கும். யூட்டாவில் 2022 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பு நான்குக்கு மூன்று என்றுதான் முடிந்தது. ஜூலை 31 முதல் டிசம்பர் 31 வரை பெரிய விலங்குகளை வேட்டையாட இத்தகைய கேமராவைப் பயன்படுத்தக் கூடாது, படங்களை அதற்காக விற்கவும் வாங்கவும் கூடாது என்று முடிவாயிற்று.

விற்பனை என்றதும் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இங்கே சில சிறப்பு வேட்டை அனுமதிகள் ஏலம் விடப்படுகின்றன; பெரிய உப்பு ஏரியில் உள்ள ஆண்டிலோப் தீவின் மானுக்கான அனுமதி லட்சக்கணக்கான டாலருக்குப் போனதுண்டு. அந்தத் தொகையைக் கொடுப்பவர் தாமே மலையேறித் தேடுவதில்லை, வழிகாட்டிகளை அமர்த்துகிறார். வழிகாட்டிகளில் சிலர் நூற்றுக்கணக்கில் கேமராக்களை வைத்து, இன்ன மான் இன்ன ஓடையில் இன்ன நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான காட்டின் மான், துப்பாக்கி வெடிப்பதற்கு மாதங்களுக்கு முன்பே ஒருவருடைய கணக்கில் ஏறிவிடுகிறது.

சித்தப்பா, சட்டம் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். நான் பிடித்துக்கொண்டிருப்பது வேறொன்றை. பொது நிலம் அங்கே வந்து நிற்பவருக்கு உரிமை தருகிறது. வராதவருக்கு இடம் பிடித்துத் தருவதில்லை. நம் ஊர்ப் புறம்போக்கில் யாரும் ஆட்டை ஓட்டிவந்து மேய்க்கலாம். ஆனால் பட்டியைக் கட்டி வைத்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டு, அந்த மேய்ச்சல் என்னுடையது என்று சொல்ல ஊர் விடுமா? மலையில் விடியுமுன் ஏறி, குளிரில் உட்கார்ந்து, காற்றின் திசை பார்த்து, காலடித் தடம் படித்து மானைத் தேடுபவரிடம் மானுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. அவருடைய வாடை வரும், சுள்ளி ஒடியும், அவருக்குத் தூக்கம் வரும். மரத்தில் கட்டிய பெட்டிக்கு இவை எதுவும் இல்லை. நில மேலாண்மைத் துறையின் விதிகளிலேயே, சொந்த உடைமை எதையும் பத்து நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் விட்டுவைக்கக் கூடாது என்று இருக்கிறது. அந்த விதி கேமராவுக்காக எழுதப்பட்டதன்று. ஆனால் அதற்குள் இருக்கும் நியாயம் கேமராவுக்கும் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

மறுதரப்பில் சொல்லப்படுபவற்றில் சில நியாயமானவை. வாரம் முழுவதும் வேலைக்குப் போகும் தொழிலாளி ஒரு சனிக்கிழமையில் மலை முழுவதையும் தேட முடியாது. கேமராதான் அவருக்குத் துணை என்கிறார்கள். நடக்க இயலாதவருக்கும் அப்படியே. முன்கூட்டியே பார்த்து வைத்தால் இளம் விலங்கை விட்டுவிட்டு முதிர்ந்ததை மட்டும் சுட முடியும் என்பதும் பொய்யல்ல. உடல் இயலாதவருக்குத் தனி விலக்கு கொடுப்பதை நான் மனமார ஏற்பேன். சொந்த நிலத்தில் ஒருவர் கேமரா வைப்பதிலும் எனக்கு வாதமில்லை. டெக்சாஸைப் போல நிலம் பெரும்பாலும் தனியாரிடம் உள்ள மாநிலத்தில் இந்தச் சிக்கல் இதே வடிவில் எழுவதில்லை. ஆனால் தொழிலாளியின் பெயரைச் சொல்லிக் காக்கப்படும் வசதியை மிகுதியாக அனுபவிப்பது நூறு கேமரா வாங்கக்கூடியவர் என்பதை மறுக்க முடியாது. ஒன்றிரண்டு கேமரா வைத்த தொழிலாளி அவரோடு எந்நாளும் போட்டியிட முடியாது. இருவருக்கும் கேமரா இல்லாதபோதுதான் கால்களும் பொறுமையும் ஓரளவு சமமாகின்றன.

இனி, எனக்கே நேரடியாகப் பட்ட ஒன்று. நான் பெரும்பாலும் தனியாகவே மலையில் நடக்கிறேன். அந்தச் சுதந்திரம் இந்த நாடு எனக்குத் தந்தவற்றில் மிக உயர்ந்தது. ஓடைக்கரை ஒன்றில் முகம் கழுவி, தலைமுடியை அவிழ்த்து உலர்த்திக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த மரத்தில் இலைநிறம் பூசிய பெட்டி ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். யாருடையது என்று எழுதியிருக்கவில்லை. என் படம் எந்த ஊரில், யாருடைய கைப்பேசியில் இருக்கிறது என்று கேட்க எனக்கு வழியே இல்லை. வைத்தவருக்கு என்மேல் தீய எண்ணம் ஏதும் இருந்திராது. ஆனால் எதிரே ஒரு மனிதர் நின்று பார்த்திருந்தால் நான் அவரைக் கண்டிருப்பேன், விலகியிருப்பேன், அல்லது வணக்கம் சொல்லியிருப்பேன். ஆளில்லாத கண்ணிடம் இவற்றில் எதையும் செய்ய முடியாது.

அந்தப் பெட்டியை நான் தொடவில்லை. சிலர் ஆத்திரத்தில் நினைவக அட்டையை உருவிக்கொள்கிறார்கள், உடைக்கிறார்கள், திருடவும் செய்கிறார்கள். அது தவறென்றே நான் உறுதியாகச் சொல்வேன். ஒருவருடைய பொருளைச் சேதப்படுத்தி மற்றவருடைய உரிமையைக் காக்க முடியாது. வனவிலங்குத் துறைக்கு இடத்தைக் குறித்துத் தெரிவிப்பதே முறை. சில மாநிலங்களில் பொது நிலத்தில் வைக்கும் கேமராவில் உரிமையாளரின் பெயரோ அடையாள எண்ணோ இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. குறைந்தபட்சம் அதுவாவது எல்லா இடங்களிலும் வர வேண்டும்.

இதை எழுதும்போது நம் நாட்டையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. உத்தராகண்டின் கார்பெட் வட்டாரத்தில் ஒரு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் நடத்தி 2024 இல் வெளியிட்ட ஆய்வு, விலங்குகளுக்காக வைத்த கேமராக்கள் விறகும் புல்லும் சேகரிக்கப் போகும் பெண்களை எப்படி ஒடுக்குகின்றன என்று காட்டியது. காட்டில் உரக்கப் பேசியும் பாடியும் நடந்தால் யானையும் புலியும் விலகிப்போகும் என்பது அவர்கள் அறிந்த பாதுகாப்பு. கேமரா பார்க்கிறது என்ற கூச்சத்தில் அவர்கள் குரலை அடக்கிக்கொள்கிறார்கள். அதனால் ஆபத்து கூடுகிறது. 2018 ஆம் ஆண்டுப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து ஏறத்தாழ 3.49 கோடி படங்கள் எடுத்தார்கள். அவற்றில் புலியின் படங்கள் 76,651 மட்டுமே. மீதிப் படங்களில் மற்ற விலங்குகளோடு, அந்தக் காட்டையே நம்பி வாழும் மனிதர்களும் இருப்பார்கள் அல்லவா? அந்தக் கணக்கெடுப்பு மிகவும் தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனாலேயே அது மக்களிடம் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆகவே உங்களிடம் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். ஊராளி, சோளகர் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு அருகே கேமரா கட்டும்போது, எங்கே கட்டுகிறோம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்வதுண்டா? பெண்கள் குளிக்கும், ஒதுங்கும் இடங்களை விட்டு விலக்கிக் கட்டும்படி உங்களுக்கு உத்தரவு உண்டா, அல்லது நீங்களாகப் பார்த்துச் செய்கிறீர்களா? மனிதர் விழுந்த படங்களை அழித்துவிடுகிறார்களா, யார் பார்க்கிறார்கள்? இங்கே வனவிலங்கு வாரியத்தின் கூட்டங்களில் பொதுமக்கள் யாரும் எழுந்து கருத்துச் சொல்லலாம்; மலையில் நடப்பவர்களின் சார்பில் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறேன். காட்டில் கேமரா கட்டிய ஒருவரின் அனுபவம் கையில் இருந்தால் என் பேச்சுக்கு வலு கிடைக்கும். தம்பியிடம் சொல்லி எழுதச் செய்தாலும் போதும்.

சித்திக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதையும் அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் அண்ணன் மகள்